முப்பத்திரண்டில் இரண்டு

லவினா கட்டிக்கொண்டு வரும் புளிசாதத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இன்னொருவர் தன் டப்பாவிலிருந்து எடுத்து, மூடியில் வைத்து, ‘சாப்பிடுங்க அங்கிள்’ என்று நீட்டும் சோற்றில் உப்பு புளி பார்க்கிற ஆள் நானில்லை.

எதற்கு இந்தக் கதை என்று உங்களுக்குத் தோன்றும், கோவிந்தப்பா சார். நீங்கள் கேட்டது வேறு. மூன்றாம் மாடி வார்டில் சுந்தரமூர்த்தி என்கிற பெரியவர் எப்படி இறந்தார், அதில் எனக்கு என்ன பங்கு என்று கேட்டீர்கள். சொல்லத்தான் போகிறேன், ஒன்றையும் ஒளிக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் புளிசாதத்தில் ஆரம்பித்தால்தான் எனக்குக் கோவையாக வரும். நீங்கள் கோலார் பக்கம் என்பதால் தமிழ் உங்களுக்கு நன்றாகவே பிடிபடுகிறது. எழுதிக்கொள்கிற கான்ஸ்டபிளுக்கு மட்டும் கன்னடத்தில் சொல்லிவிடுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

பெயர் ஃபிராங்க்ளின். அந்த மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். முன்பு நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள். தரைக்குக் கீழே, பார்க்கிங்கை ஒட்டி ஒரு குளிர்ந்த அறை. அங்கே நானும் மெஷின்களும்தான். காலையில் வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம், சாயங்காலம் அதே வாட்ச்மேனுக்கு இன்னொரு வணக்கம். நடுவில் வாயைத் திறக்க வேலையே இருக்காது. இருமல் வந்தால்தான் என் குரலை நானே கேட்பேன்.

வீடு நீலசந்திராவில், மாடி போர்ஷன். மனைவி பெட்டி கனடாவில் இருக்கிறாள். மகன் டிரேவருக்குக் குழந்தை பிறந்தபோது பிள்ளைப்பேறு பார்க்கப் போனாள், ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனாள். பிறகு குழந்தைக்குப் பல் முளைத்தது, நடை பழகியது, ஸ்கூல் சேர்த்தார்கள், இரண்டாவது குழந்தை பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் தேவைப்பட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை, தேவைப்படுகிற இடத்தில்தானே மனுஷி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்துக்கு அங்கே ராத்திரி. தூங்கப்போகுமுன் போன் பண்ணுவாள். ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பாள், நான் சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது.

முதல் தடவை நடந்தது நிஜமான கோளாறு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடியில் ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு மானிட்டர் இருக்கும். நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எல்லாம் காட்டும். அந்த எண்கள் அத்தனையும் கீழே என் சர்வருக்கு வந்து, அங்கிருந்து நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் ஒரு பெரிய திரைக்குப் போகும். எண் விழுந்தால் திரை சிவப்பாகிக் கூவும். தனித்தனி அறைகள், ஏசிக்காகக் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளே மானிட்டர் கத்துவது வெளியே லேசாகத்தான் கேட்கும். அதனால் அந்தத் திரைதான் நர்ஸ்களுக்குக் கண்ணும் காதும். ஒருநாள் சர்வரில் குப்பை ஃபைல்கள் சேர்ந்து இடம் நிறைந்துபோய்த் திரை தடவித் தடவி ஓட ஆரம்பித்தது. வார்டு இன்சார்ஜ் லவினா கீழே கூப்பிட்டாள். போய்ச் சரிசெய்தேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

ஆனால் எண்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் அந்தப் பெண்கள் கை தட்டினார்கள், சார். சாப்பாட்டு நேரம். ‘அங்கிள் நீங்க நம்ம வார்டைக் காப்பாத்திட்டீங்க, சும்மா போகக் கூடாது’ என்று லவினா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒருத்தி புளிசாதம், ஒருத்தி கோழி வறுவல், கேரளத்துப் பெண் ஒருத்தி மீன் குழம்பு. நான் பழைய கண்டோன்மென்ட் கதைகள் இரண்டு சொன்னேன். சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பல மாதம் ஒரு கோளாறும் இல்லை. நானே சீர்செய்தது அப்படி. சர்வர் ஒழுங்காக ஓடினால் அதைப் பார்த்துக்கொள்கிறவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டு மூன்று தடவை சும்மா மாடிக்குப் போய் நின்று பார்த்தேன். ‘என்ன அங்கிள், ஏதாவது பிராப்ளமா?’ என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேலை இருக்கிற இடத்தில் வேலையில்லாமல் நிற்பது எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கஷ்டமில்லாமல் சொல்கிறேன். அந்த சர்வருக்குள் ப்ராசஸர் இரண்டு. ஒவ்வொரு ப்ராசஸருக்குள்ளும் எட்டு கோர், அதாவது வேலை செய்கிற தலை எட்டு. ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கும், ஒரு சமையல்காரர் இரண்டு அடுப்பைக் கவனிப்பது போல. ஆக மெஷினை ஓட்டும் லினக்ஸின் கணக்கில் மொத்தம் முப்பத்திரண்டு கோர். இந்த முப்பத்திரண்டில் முதலாவதைத் தவிர எதை வேண்டுமானாலும், மெஷினை நிறுத்தாமலே, அணைத்து வைக்கலாம். மறுபடி எழுப்பவும் செய்யலாம். இதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை, பரிசோதனைக்கென்று கொடுத்திருக்கும் வசதி. ஒரு சின்னக் கட்டளை, அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, என்ன ஆகிறது பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். பதினாறுக்கு வந்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. எட்டுக்கு வந்தபோதும் இல்லை. நாலுக்கு வந்ததும் என் மேஜை போன் அடித்தது. ‘அங்கிள், மறுபடியும் ஸ்லோ ஆயிடுச்சு. கொஞ்சம் பேகா வாங்க அங்கிள்.’ லவினாவுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். பதற்றம் வந்தால் இரண்டும் கலந்துவிடும், சீக்கிரம் என்பது பேகா ஆகிவிடும். எனக்கு அந்தக் குரல் எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மாடிக்குப் போனேன். லேப்டாப்பைத் திறந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதேதோ தட்டினேன். கடைசியில் இருபத்தெட்டையும் எழுப்பினேன். எண்கள் ஓடின. கோழி வறுவல் வந்தது.

அப்படித்தான் பழக்கமாயிற்று. அடிக்கடி செய்ய மாட்டேன், சந்தேகம் வரும் என்பதற்காக இல்லை, அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்பதற்காக. அந்தந்த வாரம் எனக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து. எப்போதும் பகலில்தான், எப்போதும் நாலுக்குத்தான். நாலில் திரை ஒரு நிமிஷம் போலப் பின்தங்கும், அதற்குமேல் போகாது. அதை நான் அளந்து வைத்திருந்தேன். பொறுப்பில்லாமல் செய்கிற ஆளாக இருந்தால் அளப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

ஒருமுறை மட்டும் கொஞ்சம் சிக்கல் வந்தது. அந்தத் திரையின் சாஃப்ட்வேர் செய்த கம்பெனியைச் சேர்ந்த சாய்கிருஷ்ணா என்ற பையன் வைட்ஃபீல்டில் இருந்தபடியே எங்கள் சர்வருக்குள் வந்து பார்ப்பான். நர்ஸ்கள் என்னைக் கூப்பிட்ட அதே நேரத்தில் அவனையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான் லிஃப்டில் இருந்தபோது அவன் சர்வரிடம் எத்தனை கோர் என்று கேட்டிருக்கிறான். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுருக்கமாகக் கேட்டால் சர்வர் அந்த நேரத்தில் விழித்திருக்கும் கோர்களை மட்டும்தான் எண்ணிச் சொல்லும். தூங்குகிறவற்றையும் சேர்த்துச் சொல்ல, விவரமாகக் கேட்கிற வேறொரு கட்டளை உண்டு. எல்லாரும் அவசரத்தில் சுருக்கமானதைத்தான் கேட்பார்கள், என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். அவனுக்கு நாலு என்று பதில் வந்தது. ‘சர்வர் சின்னது சார், நாலே கோர், இந்த லோடு தாங்காது’ என்று நிர்வாகத்துக்கு மெயில் போட்டுவிட்டான். நிர்வாகம் புது சர்வர் வாங்கச் செலவாகும் என்று மெயிலை அப்படியே கிடப்பில் போட்டது. யாரும் கீழே வந்து மெஷினைத் திறந்து பார்க்கவில்லை. நானும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு என் வேலை இன்னும் சுலபமாயிற்று, திரை தடுமாறினால் ‘பாவம், சின்ன மெஷினை வெச்சுக்கிட்டு அங்கிள் எவ்வளவு சமாளிக்கிறார்’ என்று லவினா எல்லாரிடமும் சொல்வாள்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து போனை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். டிரேவர் எடுத்தான். ‘அம்மா தூங்கிட்டாங்கப்பா, இன்னைக்குப் பூரா ஏஞ்சலோட பர்த்டே பார்ட்டி, ஒரே டயர்ட்’ என்றான். பேத்திக்குப் பிறந்தநாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. யாரும் வேண்டுமென்று மறைத்திருக்க மாட்டார்கள், சொல்ல விட்டுப்போயிருக்கும். நான் ஹாப்பி பர்த்டே சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சோறு வடித்திருந்தேன். அதைத் தொடவே பிடிக்கவில்லை.

லீவு நாள்தான், இருந்தாலும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கான்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் போன் வந்தால் ‘நல்லவேளை, பக்கத்துலதான் இருந்தேன்’ என்று உடனே போய் நிற்கலாம். முப்பத்திரண்டை நாலாக்கினேன். காத்திருந்தேன். போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டில் ஆள் குறைவு, லவினாவோடு ஒரே ஒரு பெண்தான். புது அட்மிஷன் ஒன்று வந்து இரண்டு பேரும் அதில் மும்முரமாக இருந்திருக்கிறார்கள். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது எனக்குத் தோன்றியது, நாலுக்கு இவர்கள் பழகிவிட்டார்கள், பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள் என்று. மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மூன்றாக்கினேன். பிறகு இரண்டாக்கினேன்.

இரண்டில் திரை எவ்வளவு பின்தங்கும் என்று நான் அளந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மா கையில் காபியோடு வந்து நின்றார். எழுபது வயது இருக்கும், நூல் சேலை, மூக்கில் சின்ன வைரம். ‘இங்க உக்காரலாமா தம்பி? எல்லா டேபிளும் ஃபுல்லா இருக்கு’ என்றார். ஐம்பத்தாறு வயது ஆளைத் தம்பி என்று கூப்பிட இந்த ஊரில் எனக்கு யாரும் மிச்சமில்லை. தாராளமாக உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர்தான் அம்புஜம் அம்மாள், சுந்தரமூர்த்தியின் மனைவி. மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு, இரண்டு பேர் மட்டும். பையன் ஹூஸ்டனில். ‘நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடறேன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்பத்தான் கண்ணசந்தார். காலைலேருந்து ஒரு வாய் காபி இல்லை, தலைவலி மண்டையப் பொளக்குது. அதான் ஓடி வந்தேன்’ என்றார்.

நான் என்ன வேலை என்று கேட்டார். மேலே நர்ஸ்களுக்கு முன்னால் இருக்கும் பெரிய திரைக்குப் பின்னால் ஓடுகிற மெஷின் என் பொறுப்பு என்றேன்.

‘அடேயப்பா. அந்தப் பச்சைக் கோடெல்லாம் ஓடுமே, அதுவா? அப்ப எங்க வீட்டுக்காரரு உங்க கையிலதான் இருக்காருன்னு சொல்லுங்க’ என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு பேசிக்கொண்டே இருந்தோம், சார். அவர் பையன் வெள்ளிக்கிழமைகளில்தான் கூப்பிடுவானாம். வீடியோவில் பேத்தியைக் காட்டுவானாம், அது கேமராவைப் பார்க்காமல் விளையாடிக்கொண்டே இருக்குமாம். ‘நாம என்ன டிவியா, பார்க்கறதுக்கு?’ என்றார். நான் கனடாவில் இருக்கும் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பிறந்தநாள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்கிற விஷயமா அது, வெட்கமாகக்கூட இருந்தது. அவர் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் தட்டில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்தார். ‘சரி தம்பி, கிளம்பறேன். முழிச்சா தேடுவார்.’

நான் சொன்னேன், ‘இருங்கம்மா. ஏதாவதுன்னா ஸ்கிரீன்ல உடனே தெரிஞ்சுடும். தெரிஞ்ச மறுநிமிஷம் நர்ஸ் ரூமுக்குள்ள இருப்பாங்க. அவரு நல்லாத் தூங்கட்டும். நீங்க நிம்மதியா இன்னொரு காபி குடிங்க, நான் வாங்கியாறேன்.’

‘நிஜமாவா சொல்றீங்க?’

‘அந்த மெஷினை நான்தானேம்மா பார்த்துக்கறேன்.’

அவர் உட்கார்ந்தார்.

நீங்கள் காலையிலிருந்து மூன்று முறை கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. அவர் எழுந்து நின்றபோது, மேலே திரை பழைய எண்களைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று. தெரியும். லேப்டாப் என் முன்னால் திறந்தேதான் இருந்தது. எண்கள் வரிசையில் தேங்கி நிற்பது அதில் தெரிந்தது. முப்பதையும் எழுப்ப ஒரே ஒரு வரி போதும், என் விரல் கீபோர்டு மேலேயே இருந்தது. எழுப்பினால் மேலேயிருந்து போன் வராது. அவரைப் போக விட்டால் எதிர் நாற்காலி காலியாகிவிடும். இரண்டில் ஒன்றையாவது விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று இப்போது யோசிக்கும்போது தோன்றுகிறது. அப்போது காபி வாங்கத்தான் எழுந்தேன்.

இரண்டாவது காபி பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. லவினா. ‘அங்கிள், ஸ்கிரீன் அப்படியே நின்னு போச்சு. எல்லா பெட்டுக்கும் பழைய நம்பரையே காட்டிட்டு இருக்கு. சீக்கிரம் வாங்க அங்கிள், ப்ளீஸ்.’ எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அம்புஜம் அம்மாளைப் பார்த்து, ‘பாருங்க, ஞாயித்துக்கிழமைகூட என்னை விடமாட்டாங்க’ என்றேன். ‘நல்ல வேலைக்காரனை யாரு விடுவா?’ என்று அவரும் எழுந்தார். இரண்டு பேரும் ஒன்றாகவே லிஃப்டில் போனோம். லிஃப்டிலும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனோம்.

கதவு திறந்ததும் சுந்தரமூர்த்தியின் அறை வாசலில் ஆட்கள் நின்றார்கள். லவினாவோடு இருந்த இன்னொரு பெண் திரையை நம்பாமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த அறைக்கு வந்தபோது உள்ளே மானிட்டர் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது. வெளியே பெரிய திரையில் அவருடைய ஆக்ஸிஜன் தொண்ணூற்றாறு என்று பச்சையில் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அம்புஜம் அம்மாளும் பார்த்தார். ‘நல்லாத்தானே இருக்கு, பாருங்க, தொண்ணூத்தாறு’ என்று டாக்டரிடம் சொன்னார். என் கையை அவர் பிடித்துக்கொண்டார். நான் விடுவிக்கவில்லை. லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி அவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவர் பையனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், உடலை வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தேன். அன்றைக்கு முழுக்க அவரை நான் தனியாக விடவில்லை.

நிர்வாகம் அன்றே லவினாவை சஸ்பெண்ட் செய்தது, கவனக்குறைவு என்று. ஆஸ்டின் டவுனில் அவள் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ‘நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டேதான் அங்கிள் இருந்தேன். நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க’ என்றாள். நான் நம்புகிறேன் என்றேன். அது பொய்யில்லை, அவளை நம்ப என்னைவிடத் தகுந்த ஆள் யார். அவள் அம்மா சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

விசாரணை முடியும்வரை சர்வரை யாரும் தொடக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. வார்டில் பழையபடி ஆள் போட்டு எண்களைக் கையால் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தொடாதே என்றால் நான் தொட மாட்டேன், என் சர்வீஸில் ஒரு உத்தரவைக்கூட மீறியதில்லை. அதனால் சர்வர் இரண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. அனுஷா வரும்வரை.

அனுஷா வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், சேலத்துப் பெண். என் அறைக்கு யாராவது வந்து உட்கார்ந்து வேலை பார்த்தே வருஷக்கணக்காகிறது. வாசல்வரை போய் அழைத்து வந்தேன். டீ வாங்கி வைத்தேன். அவள் சாய்கிருஷ்ணாவின் மெயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் கேட்ட அதே சுருக்கமான கேள்வியைத்தான் கேட்டாள். இரண்டு என்று பதில் வந்தது.

‘சார், இவர் நாலுன்னு எழுதியிருக்கார். இங்க ரெண்டுன்னு வருது. கோர் என்ன சோப்பா சார், தேயறதுக்கு?’ என்று சிரித்தாள்.

பிறகு அவள் விவரமான கேள்வியைக் கேட்டாள். மொத்தம் முப்பத்திரண்டு. விழித்திருப்பவை இரண்டு. அணைத்து வைத்திருப்பவை முப்பது. திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அது எனக்கு வலித்தது, சார். டீயையும் அவள் குடிக்கவில்லை.

ஆக, அணைத்தது நான்தான். நாலை இரண்டாக்கியதும், எழுந்தவரை உட்கார வைத்ததும் நான்தான். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அம்புஜம் அம்மாளுக்கு இப்போது சொல்ல வேண்டாம். எனக்காகச் சொல்லவில்லை. காரியத்தன்று மல்லேஸ்வரத்துக்குப் போயிருந்தேன், அவர்தான் கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டார். பையன் ஹூஸ்டனிலிருந்து வந்தான், வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டான். எல்லாரும் போன பிறகு அவர் என்னிடம், ‘தம்பி, நான் அப்பவே மேல போயிருந்தா அவர் பொழைச்சிருப்பாரோ?’ என்று கேட்டார். ‘இல்லைம்மா, அதெல்லாம் நம்ம கையிலயா இருக்கு’ என்றேன். அவருக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ‘அந்த நேரத்துல நீங்க கூட இருந்தது பெரிய உபகாரம்’ என்றார். அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறார். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்விட்டு வருகிறேன். மருந்து வாங்கித் தருகிறேன், பேங்குக்குக் கூட்டிப் போகிறேன். தனிமை எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் சும்மா இருக்க முடியுமா? எனக்குச் செய்ய மனசு இருக்கிறது, அவருக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அதோ, உங்கள் மேஜைமேல் என் போன் அடிக்கிறது. அவர்தான், பெயர் தெரிகிறது பாருங்கள். எடுக்காவிட்டால் பயந்துவிடுவார். கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், சார். பாவம், அந்த அம்மாளுக்கு என்னை விட்டால் யாருமே இல்லை.